தள்ளப்பட்ட தவிடு: நம் சோற்றுப் பானையின் சரித்திரம்



பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவனுடைய மூன்று நண்பர்களும் ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்று சொன்ன சம்பவத்தை ஞாயிறு பள்ளியில் கேட்டே நாம் எல்லாரும் வளர்ந்தோம். அவர்களுடைய வைராக்கியத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தானியேல் அதிகாரியிடம் வாதாடவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றான். பத்து நாள். ஒரு பக்கம் பயறும் பருப்பும் தண்ணீரும் உண்ணும் நால்வர். மறுபக்கம் ராஜாவின் பந்தியில் உண்ணும் மற்ற வாலிபர். இடம் ஒன்று, வேலை ஒன்று, சாப்பாடு மட்டும் வேறு. முடிவில் முகங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது தானியேல் அல்ல, அந்த அதிகாரி.

மனிதன் எதைச் சாப்பிட்டால் பிழைப்பான் என்ற கேள்விக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்த்து விடை தேடும் வழி அவ்வளவு பழமையானது. அப்படியிருந்தும், வெறும் சோற்றினால் ஆயிரமாயிரம் பேர் மாண்டதை உலகம் புரிந்துகொள்ள, நம் காலத்துக்கு நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்புவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சரித்திரத்தின் ஒரு முக்கியமான பக்கம் நாம் வாழும் இந்த மலேசிய மண்ணில், நம் முன்னோரின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் எழுதப்பட்டது. அதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

வெள்ளை அரிசியும் வீங்கிய கால்களும்

நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால்கள் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிலருக்குக் கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் ஓய்ந்து மரணம் வரும். தாய்க்கு வெளியே பெரிதாகத் தெரியாவிட்டாலும், அவளிடம் பால் குடிக்கும் கைக்குழந்தை திடீரென்று இறந்துபோகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவெங்கும் இந்த நோய் பெருகியது. அதே காலத்தில்தான் ரங்கூன், பாங்காக், சைகோன் நகரங்களில் நீராவி அரிசி ஆலைகள் பெருகின. உரலில் போட்டு உலக்கையால் குத்திய அரிசியில் தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரமோ உமியையும் தவிட்டையும் முளையையும் சேர்த்து நீக்கி, அரிசியை முத்துப்போலத் தீட்டியது. பார்வைக்கு அழகு, கெடாமல் நாள்பட இருக்கும், கப்பலில் ஏற்றலாம். சிறைச்சாலை, படைமுகாம், சுரங்கம், மருத்துவமனை என்று ஆட்களை மொத்தமாக வைத்துச் சோறு போட்ட இடங்களுக்கெல்லாம் அந்த வெள்ளை அரிசி போனது. பெரிபெரியும் பின்னாலேயே போனது. ஆனால் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாஸ்டரும் கோக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்திருந்த நேரம் அது. எந்த நோய் என்றாலும் கிருமியைத் தேடுவதே வழக்கமாயிருந்தது. நோய் என்பது உள்ளே நுழைந்த ஏதோ ஒன்றினால் வருவது. உள்ளே வராமல்போன ஒன்றினாலும் நோய் வரலாம் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு கப்பல்கள், ஒரு கோழிக்கூடு

முதல் வெளிச்சம் ஜப்பானிலிருந்து வந்தது. 1882-ஆம் ஆண்டின் இறுதியில் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நீண்ட பயணம் புறப்பட்டது. அதில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் மாண்டனர். லண்டனில் மருத்துவம் பயின்று திரும்பியிருந்த கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ, 1884-இல் சுகுபா என்ற இன்னொரு கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பச் செய்தார். சோற்றைக் குறைத்து, இறைச்சி, பால், ரொட்டி, காய்கறி சேர்த்தார். பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. புரதம் போதாமையே காரணம் என்று தகாகி நினைத்தார். அந்த விளக்கம் சரியல்ல. ஆனால் மருந்து பலித்தது. கடற்படை அதை ஏற்றது. ராணுவமோ ஏற்க மறுத்து வெள்ளைச் சோற்றையே போட்டது. 1904-05 ரஷ்ய யுத்தத்தில் எதிரியின் குண்டுக்கு அப்பால் பெரிபெரியாலும் பல்லாயிரம் வீரர்களை அது இழந்தது.

இரண்டாவது வெளிச்சம் கோழிக்கூட்டிலிருந்து வந்தது. டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மான் என்ற மருத்துவர் பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. சில மாதம் கழித்து, அதே திடீரென்று, குணமாகி எழுந்தன. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ராணுவ மருத்துவமனையின் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டு வந்தது. பிறகு புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்தின் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் மறுபடியும் தீட்டாத அரிசியைத் தின்றன, பிழைத்தன.

மனிதருக்கும் இது பொருந்துமா என்று பார்க்க, ஐக்மானின் நண்பர் ஃபோர்டர்மான் 1895-96-இல் ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைச்சாலைகளின் கணக்கைத் திரட்டினார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பதினாயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை. ஐக்மானோ, சோற்றில் ஒரு நச்சு இருப்பதாகவும் தவிட்டில் அதற்கு முறிவு இருப்பதாகவும் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901-இல் சரியாகச் சொன்னார்: நச்சு எதுவும் இல்லை, உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது. 1912-இல் காசிமிர் ஃபுங்க் இத்தகைய பொருள்களுக்கு இட்ட பெயரே இன்று நாம் சொல்லும் வைட்டமின். 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் முன்னோரின் புழுங்கல் அரிசி

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியை உண்டனர். அவர்களிடையே பெரிபெரி பெருவாரியாகப் பரவியது. மலாய்க் கிராமத்தார் தங்கள் நெல்லைத் தாங்களே குத்தி உண்டனர். அவர்களுக்கு நோய் அதிகம் இல்லை. தோட்டத்திலும் சாலையிலும் உழைத்த தமிழருக்கும் இல்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, 1907-இல் பெரிய நூலாகவே எழுதினார். தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. நோய்க்கும் இனத்துக்கும் தொடர்பில்லை, அரிசிக்கும் நோய்க்கும்தான் தொடர்பு என்று அவர் வாதிட்டார்.

புழுங்கல் அரிசியில் நடப்பது என்ன? நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்தி, அதன் பிறகே குத்துகிறோம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாவுச்சத்து இளகி இறுகும்போது அது உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. அந்தச் சத்துக்கு இன்று தையமின், அதாவது வைட்டமின் பி1, என்று பெயர். மாவுச்சத்தை உடல் சக்தியாக மாற்ற இது வேண்டும். ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம். உடலில் சேமிப்பு சில வாரத்துக்கே போதும். நெல்லை அவித்த நம் பாட்டிமாருக்கு இதெல்லாம் தெரியாது. அரிசி உடையாமல் வரும், பூச்சி அரிக்காது, சோறு நின்று பசி தாங்கும் என்பதே அவர்கள் கண்ட பலன். தெரியாமலே கடல் கடந்து ஒரு காவலைக் கூட்டி வந்தார்கள்.

கோலாலம்பூரில் நடந்த சோதனை

பிராடன் சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெச்சர். இடம் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. 1905 டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர் ஒரு விடுதிக்கு, இரட்டைப்படை எண்காரர் மற்றொரு விடுதிக்கு. ஒரு சாராருக்குச் சயாம் வெள்ளை அரிசி; மற்றவருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. இடத்தின் குற்றமோ என்ற சந்தேகம் வராதபடி, நடுவில் விடுதிகளையும் மாற்றினார்கள். 1906 முடியும்போது வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907 முதல் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இதையே செய்து பார்த்தார்கள். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் சுமார் மூன்று மாதத்தில் நோய் கண்டது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோய் நின்றது; புழுங்கலிலிருந்து வெள்ளைக்கு மாறிய கூட்டத்திலோ நோய் தொடங்கியது. பிறகு கோழிகளை வைத்து, காவல் செய்வது தவிட்டில்தான் இருக்கிறது என்பதையும் காட்டினார்கள்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தானியேல் தன்னைச் சோதிக்கும்படி தானே கேட்டான். அந்த மருத்துவமனையில் வரிசையில் நின்றவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இல்லை. அதற்கு முன்பும் அவர்கள் சாப்பிட்டது வெள்ளை அரிசிதான், சாவும் புதிதல்ல என்று நியாயம் சொல்லலாம். ஆனாலும் பதினெட்டு உயிர்கள். இன்றைக்கு அப்படி ஒரு சோதனையை எந்த நாடும் அனுமதிக்காது. ஆண்டவர் மிகச் சிறியவர்கள் என்று யாரைச் சொன்னாரோ அவர்களில் பலர் சிறைக்கைதிகளாகவும் மனநோயாளிகளாகவும் கூலிகளாகவும் இந்தச் சரித்திரத்தில் வருகிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் வீட்டு மாத்திரைப் பெட்டியில் பி1 இருப்பதற்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். நாம் சோற்றுக்கு ஜெபிக்கும்போது அவர்களையும் நினைப்பது தகும்.

ஒரு மிஷனெரியின் பிள்ளைகள்

ஆந்திராவின் நெல்லூர்ப் பகுதியில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரிமார் தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்தார்கள். அவர்களில் வில்லியம்ஸ் என்பவரின் குடும்பத்தில் 1886-இல் நெல்லூரில் ராபர்ட் பிறந்தார். 1893-இல் ஊட்டியில் அவருடைய தம்பி ரோஜர் பிறந்தார். ராபர்ட் வேதியியல் படித்து, 1910 அளவில் மணிலாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெரிபெரியால் சாகும் தறுவாயிலிருந்த கைக்குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தபோது, சில மணி நேரத்தில் அவை உயிர்பெற்றன. அந்தச் சாற்றில் இருப்பது எது என்ற கேள்வி அவரை விடவில்லை. அமெரிக்கா திரும்பித் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோதும், ஓய்வு நேரமெல்லாம் அதற்கே கொடுத்தார். 1926-இல் யான்சன், டோனாத் என்ற டச்சுக்காரர் இருவர் பத்தாவியாவில் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936-இல் வில்லியம்ஸ் அதன் அமைப்பை அறிந்து ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார்.

உரிமையால் வந்த பணத்தின் பெரும்பகுதியை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை; சத்துக்குறைவு நோய்களை ஒழிக்கும் நிதியாக்கினார். 1940-களின் இறுதியில் பிலிப்பைன்ஸின் பத்தான் மாநிலத்தில் பி1 சேர்த்த அரிசியை மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரிபெரி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. தம்பி ரோஜரும் சும்மா இருக்கவில்லை. வைட்டமின் பி5-ஐக் கண்டறிந்தவர் அவரே. நற்செய்தி சொல்ல வந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் இருவரும், வயிற்றுக்கும் ஒரு நற்செய்தி சொன்னார்கள்.

குன்னூர் எலிகள் சொன்ன தீர்ப்பு

ரோஜர் பிறந்த ஊட்டிக்கு அருகே குன்னூர். அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1918-இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் வடக்கே, தீட்டிய பச்சரிசி உண்ட தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் நோய் இருந்தது. தெற்கே புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிது. இதுவரை நமக்குப் பெருமைதான்.

ஆனால் மெக்காரிசன் அதோடு நிற்கவில்லை. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் சாப்பாட்டை அப்படியே சமைத்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி உண்ட பஞ்சாப் சீக்கியரின் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம். சென்னைப் பக்கத்துச் சோற்று உணவில் வளர்ந்த எலிகள் கடைசி. சோறு மலைபோல, பால் சொற்பம், காய்கறியும் பருப்பும் தொட்டுக்கொள்ள மட்டும். பெரிபெரி வராத சாப்பாடு வேறு, உடம்பை வளர்க்கும் சாப்பாடு வேறு என்பதை எலிகள் சொல்லிவிட்டன. குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இதிலிருந்துதான் சமச்சீர் உணவு என்ற பேச்சு நமக்குப் புரிகிறது. மாவுச்சத்து சக்தி தரும். புரதம் தசையைக் கட்டும். கொழுப்பு சக்தியைச் சேமிக்கும்; சில வைட்டமின்களை உடல் ஏற்கவும் அது வேண்டும். இரும்பு, சுண்ணாம்பு போன்ற தாதுக்கள் இரத்தத்துக்கும் எலும்புக்கும் வேண்டும். வைட்டமின்கள் சிறிதளவே போதும், ஆனால் இல்லாமல் முடியாது. நாரும் தண்ணீரும் கூட வேண்டும். இவற்றில் ஒன்று நிறைந்திருப்பதால் இன்னொன்றின் குறை தீராது. சரீரம் பல அவயவங்கள் என்று பவுல் எழுதியதைச் சாப்பாட்டுத் தட்டிலும் காணலாம்.

வாயில்லா ஜீவன்களின் பங்கு

கோழியும் புறாவும் எலியும் இல்லாமல் இந்த அறிவு நமக்கு வந்திராது. ஊரில் தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டார்கள்; பண்ணை மிருகம் சத்தைத் தின்றது, ஆலை அரிசிக்காரன் வெறும் சோற்றைத் தின்றான். மாட்டுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பி வைட்டமின்களைத் தாமே உண்டாக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு ஜீவனுக்கும் தேவை வேறு. நாய்க்கும் பூனைக்கும் வைட்டமின் சி உடம்பிலேயே உண்டாகும், நமக்கு உண்டாகாது. பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இருதயமும் கெடும். ஆனால் சிலவகைப் பச்சை மீனில் பி1-ஐ அழிக்கும் பொருள் இருப்பதால், அதையே தினமும் தின்னும் பூனைக்குப் பெரிபெரி போன்ற நோயே வரும். வீட்டில் மிருகம் வளர்க்கும் பிள்ளைகள், நம் மிச்சச் சோற்றை அதன் தட்டில் கொட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று போகலாகாது. நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் கவனிப்பான் என்பது நீதிமொழிகளின் போதனை.

இன்றைய நம் தட்டு

பெரிபெரி இன்று நம்மிடையே அரிது. ஆனால் நம் வீடுகளில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே விகிதம் மிக அதிகம். இதற்குப் பரம்பரையும் உண்டு, உட்கார்ந்தே செய்யும் வேலையும் உண்டு. தட்டுக்கும் பங்கு உண்டு. மலைபோல் வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கீரை, கையில் இனிப்பான தே தாரிக்: குன்னூரில் கடைசியாக வந்த எலிகளின் தட்டிலிருந்து இது எவ்வளவு தூரம்? பால்மரம் வெட்டிய தாத்தா அவ்வளவு சோற்றையும் மத்தியானத்துக்குள் வேர்வையாக்கிவிட்டார். நாம் அப்படிச் செய்வதில்லை.

நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்கைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. பாதித் தட்டு காய்கறியும் பழமும். சபையில் அடுத்த ஐக்கிய விருந்து வரும்போது, பாத்திரங்களை வைக்கும் பொறுப்பை வாலிபர் சங்கம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காய்கறியையும் பழத்தையும் வரிசையின் முதலில் வைப்போம். சோற்றுக் கரண்டியைச் சற்றுச் சிறியதாக வைப்போம். யாரையும் கண்டிக்க வேண்டாம். தானியேலைப்போல, சில நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றால் போதும்.

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் வீட்டில் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி இருந்தால், அக்காலத்தில் என்ன அரிசி வாங்கினார்கள், கஞ்சியை வடித்துக் கொட்டினார்களா குடித்தார்களா, பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வடித்த கஞ்சியோடு தையமினும் போய்விடும் என்று இப்போது நமக்குத் தெரியும். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். கேட்க நமக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதிக நாள் இல்லை.